இரண்டு நேர்த்தியும் இருபத்தேழு கோலும்

நீங்கள் எல்லாரும் இப்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் போனில் வருவதைப் படிக்கிறீர்கள். எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான். அதனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் ஒன்றாக வளர்ந்த நாம் அந்தக் காலத்தில் யார் யார் என்ன வெட்டிக் கிழித்தோம் என்று போன கிழமை நம் குழுவில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. அதில் ஒருத்தி என்னைப் பற்றி, "நீ சும்மா பந்துக்குப் பின்னாலை ஓடித் திரிஞ்சனி" என்று எழுதிச் சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தாள். சும்மாவா? அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சீசா பகுதியில் இருந்த எங்கள் உயர்பள்ளி உங்களுக்கு நினைவிருக்கும். அதன் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் போனால் முதலில் மூக்கில் அடிப்பது ரப்பர் பாயும் பழைய வியர்வையும் கலந்த ஒரு மணம். கதவுக்கு நேர் எதிரே வெள்ளைச் சுவர். அதில் நீல நிறப் பெயின்ற்றால் பள்ளியின் சாதனைகளை எழுதி வைத்திருந்தார்கள். உயரம் பாய்ந்தவன், வேகமாய் ஓடியவன் எல்லாரும் மேலே. ஆகக் கீழே, பெண்கள் உதைபந்தாட்டம், ஒரே பருவத்தில் ஆகக் கூடிய கோல்: இருபத்தாறு. பக்கத்தில் ஒரு பெயர்.

அந்தப் பெயர்க்காரி வேறு யாருமில்லை. எங்களுக்கு உடற்பயிற்சி எடுத்த டீச்சர்தான். தான் படித்த பள்ளிக்கே டீச்சராக வந்து, தன் பெயருக்குக் கீழேயே விசிலும் கையுமாக நின்றார். குட்டை முடி, ஆண்களின் கைக்கடிகாரம், கோடையிலும் கழற்றாத ஒரு நீலக் கழுத்துத்துணி. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வருடத்தில் ஒரே ஒரு தடவை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிகளுக்கிடையே பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு போட்டி நடக்கும். பக்கத்துக்கு ஐந்து பேர், சீமெந்துத் தரை, விழுந்தால் முழங்காலில் தோல் மிஞ்சாது. டீச்சர் என்னை ஒரு நாள் மைதானத்தில் பையன்களுடன் ஆடும்போது பார்த்துவிட்டு, பெயர்கூடக் கேட்காமல், "செவ்வாய்க்கிழமை வா" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கே அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். பெயர்களை எல்லாம் படித்தேன். எல்லாம் இத்தாலியர்களுடைய பெயர்கள். நம் தமிழ் ஆட்களில் ஒருவருடைய பெயரும் அந்தச் சுவரில் இல்லை. எனக்கு அது வேண்டும் என்று தோன்றிவிட்டது. மதிப்பெண் வேண்டாம், மாலை வேண்டாம், அந்தச் சுவரில் என் பெயர் வேண்டும்.

அப்பா பல்லரோ சந்தையில் எனக்கொரு சப்பாத்து வாங்கி வந்தார். கறுப்பு, ஓரத்தில் மஞ்சள் கோடு. "வளருற கால் தானே" என்று இரண்டு அளவு பெரிதாகவே வாங்கியிருந்தார். முன்பக்கத்தில் பேப்பரைச் சுருட்டி அடைத்துக்கொண்டு ஆடினேன். ஓடும்போது உள்ளே அது சரசரவென்று சத்தம் போடும். அப்பா ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். வீட்டில் அவர் பேச்சு எடுபடாது என்பது அவருக்கே தெரியும். அதனால் சப்பாத்தைக் கொடுத்துவிட்டு, "கொம்மாவுக்கு நான் வாங்கித் தந்ததெண்டு சொல்லாதை" என்றார். வேறு யார்தான் வாங்கித் தந்திருப்பார்கள்?

அம்மாவுக்கு இந்தப் பந்து விவகாரம் ஒரு துண்டுக்கும் பிடிக்கவில்லை. அம்மா கால்சா பகுதியில், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்தார். காலையில் போய் மாலையில் பஸ்ஸில் திரும்புவார். அந்தப் பஸ்ஸில்தான் நம் ஊர் மாமி ஒருவர் அம்மாவின் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் கதை கொடுத்தார்.

"உங்கடை மூத்தவள் அரைக் காற்சட்டையோடை பெடியள் மாதிரி ஓடித் திரியிறாளாம். மெய்யே?"

அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட வைக்கவில்லை. என் காலைத்தான் பார்த்தார். முழங்காலில் பிளாஸ்டர், கணுக்காலில் நீலம், பெருவிரல் நகம் கறுத்துக் கிடந்தது.

"உந்தக் காலை ஆர் பார்த்துக் கட்டுவினம், சொல்லு?" என்றார்.

"காலைப் பார்த்தோ அம்மா கலியாணம் கட்டுறவை?" என்றேன். அன்றைக்கு எனக்கு இரவுச் சாப்பாட்டோடு நல்ல பேச்சும் கிடைத்தது.

அடுத்த நாள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்த சாமித்தட்டில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு புதிதாக இருந்தது. உள்ளே நேர்த்திக்கடன் காசு. பிள்ளையாருக்கும் அம்மாளாச்சிக்கும் நடுவில், பலெர்மோவின் தெய்வம் ரோசாலியாவின் படத்துக்கு முன்னால் அம்மா அதை வைத்திருந்தார். ஆம், எங்கள் வீட்டுத் தட்டில் ரோசாலியாவும் இருந்தார். உங்கள் வீடுகளிலும்தானே இருந்தார்? சைவக்காரர் வீட்டில் கத்தோலிக்கப் புனிதைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா பதில் வைத்திருப்பார். "மலையிலை, குகைக்குள்ளை, தனியப் பொம்பிளையா இருக்கிறா. கேட்டதைக் குடுக்கிறா. வேறை என்ன வேணும்?"

"என்னத்துக்கம்மா நேர்த்தி?" என்று கேட்டேன்.

"நேர்த்தியை வெளியிலை சொன்னால் பலிக்காது. நிறைவேறுமட்டும் ஞாயிறு ஞாயிறாய் மலை ஏறுறன். நீயும் வாறாய். வெறுங்காலோடை."

"நான் ஏன்?"

"ஆருக்காக வைச்சதோ அவையும் நடக்கவேணும்."

என் கணக்குப் பாடத்துக்காகத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்போது என் கணக்கு அந்த லட்சணத்தில் இருந்தது.

ஞாயிறு காலையில் நம் சனம் அந்த மோந்தே பெல்லெக்ரீனோ மலையடியில் கூடுவதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நல்ல சேலை, தலையில் பூ, கையில் செருப்பு. மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் அந்தப் பழைய கல்லுப் பாதை. குளிர்காலத்தில் கல் ஐஸ் மாதிரி இருக்கும், வெயில் ஏறினால் அதே கல் தோசைக்கல். பைன் மரத்து மணம், யாரோ கொண்டுவரும் கற்பூர மணம், ஒரு வளைவு தாண்டினால் கீழே கடலும் துறைமுகத்துக் கப்பல்களும். அம்மா அடி மேல் அடி வைத்து, வாய்க்குள் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டு ஏறுவார். எனக்கு அந்த வேகம் சரிவரவில்லை. அடுத்த வளைவு வரைக்கும் ஓடி ஏறுவேன். அம்மாவைக் காணாவிட்டால் திரும்ப ஓடி இறங்குவேன். மறுபடி ஏறுவேன். மற்றவர்கள் ஒரு மலை ஏறினால் நான் இரண்டு மூன்று மலை ஏறினேன் என்று வையுங்கள்.

உச்சியில் குகைக் கோயில். பாறையிலிருந்து எந்நேரமும் தண்ணீர் சொட்டும். அதைப் பிடிக்கக் கூரை முழுக்கத் தகரப் பீலி கட்டியிருப்பார்கள். அதற்கும் தப்பி ஒன்றிரண்டு துளி உச்சந்தலையில் விழும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான் பக்கத்தில் நின்று என் மனுவைப் போட்டேன். எனக்கு இருபத்தேழு வேண்டும் தாயே, இருபத்தாறு வேண்டாம், அது டீச்சருடையது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் கதிரையில் இருத்தி, இரண்டு காலுக்கும் நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிடுவார். திட்டிக்கொண்டேதான் தேய்ப்பார். ஆனாலும் ஒவ்வொரு விரலாக இழுத்து, குதிக்காலை உருட்டி, சதையைப் பிசைந்து விடுவார். திங்கட்கிழமை உடை மாற்றும் அறையில் எங்கள் கோல் காப்பாளர், இறைச்சிக் கடைக்காரரின் மகள், மூக்கைச் சுருக்குவாள்.

"உங்கள் வீட்டில் எண்ணெயைச் சலாட்டில் ஊற்ற மாட்டீர்களா? காலிலா ஊற்றுவீர்கள்?"

சிக்கல் எங்கே வந்தது என்றால், டீச்சரின் முக்கியப் பயிற்சியும் ஞாயிறு காலைதான். அவரிடம் ஒரு விதி இருந்தது. ஞாயிறு வராதவள் அடுத்த ஆட்டத்தின் முதற்பாதியில் ஆட மாட்டாள். எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் மலை. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்திலும் முதற்பாதி முழுக்க நான் மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருந்து நகம் கடித்தேன். இரண்டாம் பாதியில் இறங்கினால், எதிரணிப் பிள்ளைகள் நாக்குத் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். நானோ மலையாடு மாதிரி ஓடுவேன். பாதி ஆட்டத்திலேயே இரண்டு, மூன்று என்று அடித்தேன். ஆட்டம் முடிந்ததும் டீச்சர் என் மொத்தத்தை ஒரு தடவை உரக்கச் சொல்வார். "ஒன்பது." அடுத்த முறை, "பதினொன்று." பாராட்டு கிடையாது. தட்டிக்கொடுப்பது கிடையாது. இலக்கத்தைத் துப்பிவிட்டுப் போய்விடுவார்.

"உன்னை ஏன் வாங்கில் வைக்கிறார் என்று தெரியவில்லையா? தன் இருபத்தாறைக் காப்பாற்றத்தான்" என்றாள் கோல் காப்பாளர். நானும் நம்பினேன். அந்த வயதில் அதைவிட நல்ல விளக்கம் வேறு எது கிடைக்கும்? டீச்சரின் பெயரைச் சுவரில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான்காம் மாடி, லிஃப்ட் பழுது, கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட். அம்மா பதறிப்போய் நாலு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும், அன்றைக்குத்தான் சுட்ட உளுந்து வடையும் கொண்டுவந்து வைத்தார். டீச்சர் வடையின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கடித்தார். இரண்டாவதையும் எடுத்தார். சிஞ்ஞோராவின் வீட்டு வேலைக்குப் போதுமான இத்தாலியன் அம்மாவிடம் இருந்தது, இந்த மாதிரி வழக்குக்குப் போதாது. நம் எல்லார் வீட்டிலும் நடந்தது போல, என் வழக்கை நானே நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

"உங்கள் மகளை ஞாயிற்றுக்கிழமை அடைத்து வைக்காதீர்கள். கடவுள் கோபிக்க மாட்டார்" என்றார் டீச்சர்.

"அடைச்சு வைக்கேல்லை, மலைக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லு. நேர்த்தி முடிய விடுறன் எண்டும் சொல்லு."

"எப்போது முடியும்?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது இவளின்ரை கையிலை இருக்கு."

அதையும் அப்படியே இத்தாலியனில் சொன்னேன். டீச்சர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார். வாசலில் என்னிடம், "உன் கையிலா? அப்படியென்றால் மலை கிலை எல்லாம் நீ சோம்பலுக்குச் சொல்லும் கதை" என்றார். எனக்கு அழுகை வந்தது. அம்மா என்ன அர்த்தத்தில் அதைச் சொன்னார் என்று எனக்கும் விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் மூன்றாவது வளைவில் இருந்து அம்மாவைத் தேடித் திரும்ப இறங்கினால், கீழே நீலக் கழுத்துத்துணி. டீச்சர்! பயிற்சியை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்க வந்திருந்தார். சுற்றிலும் சேலை கட்டிய பெண்கள், தோளில் குழந்தைகளோடு ஆண்கள், எல்லாரும் வெறுங்கால். நடுவில் விலை உயர்ந்த ஓட்டச் சப்பாத்தோடு டீச்சர், மூச்சு வாங்கிக்கொண்டு. நான் அவரைக் கடந்து இறங்கி, அம்மாவின் கைப்பையை வாங்கிக்கொண்டு மறுபடி அவரைக் கடந்து ஏறினேன். பிறகு தண்ணீர்ப் போத்தலுக்காக இன்னொரு தடவை.

"எத்தனை தடவை இப்படி ஏறி இறங்குவாய்?" என்று கேட்டார். வார்த்தை துண்டு துண்டாக வந்தது.

"அம்மா மெதுவாகத்தான் வருவார். அதுதான்."

டீச்சர் பாதைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். என் காலைப் பார்த்தார். அம்மா பார்க்கிற பார்வை இல்லை அது. அம்மா வந்து சேர்ந்ததும், என் கையிலிருந்த போத்தலை வாங்கித் திறந்து டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் அண்ணாந்து குடித்தார். அந்தக் கிழமை ஆட்டத்தில், முதற்பாதியில் இறங்கும் ஐந்து பேரில் என்னையும் சொன்னார்.

"விதி?" என்றாள் ஒருத்தி.

"விதி ஞாயிறு காலைப் பயிற்சிக்கு. அவள் பயிற்சிக்கு வந்திருந்தாள், நான் பார்த்தேன்" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. மழையில் அடித்தேன், வெயிலில் அடித்தேன், இடது காலால் அடித்தேன், ஒரு தடவை பின்பக்கத்தால்கூட ஒன்று பட்டுப் போனது, அதுவும் கணக்கில் சேர்ந்தது. பதினேழு. இருபது. பள்ளி நடைபாதையில் பெயர் தெரியாத பையன்கள் எல்லாம் என் இலக்கத்தைச் சொல்லிக் கத்துவார்கள். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் டீச்சர் சொன்ன இலக்கம் இருபத்துநாலு. சுவரைத் தொட இரண்டு, தாண்ட மூன்று. ஆட்டம் ஒன்றே ஒன்று.

அந்த ஞாயிறு குகையில் அம்மா வழக்கத்தை விட நெடுநேரம் கண்ணை மூடி நின்றார். நானும் விடவில்லை.

அம்மா என் ஆட்டம் ஒன்றையும் அதுவரை பார்த்ததில்லை. பார்க்க வருகிற எண்ணமும் இல்லை. ஆனால் சிஞ்ஞோராவுக்கு விஷயம் காதில் விழுந்துவிட்டது. அவருடைய பக்கத்து வீட்டுக்காரியின் பேத்தி எங்கள் பள்ளியில் படித்தாள், அவள்தான் சொல்லியிருக்கிறாள். சிஞ்ஞோராவுக்கு எண்பது வயது, ஊன்றுகோல், ஆனால் உதைபந்து என்றால் உயிர். "இன்றைக்கு இஸ்திரி வேண்டாம், என் கையைப் பிடித்து ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று அம்மாவுக்குக் கட்டளை போட்டுவிட்டார். வேலைக்காரி எப்படி மறுப்பது? நான் மைதானத்துக்குள் இறங்கிப் பார்த்தால், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மடக்குக் கதிரையில் சிஞ்ஞோரா, பக்கத்தில் வேலைக்குப் போகும் சாம்பல் நிறக் கோட்டோடு அம்மா. முகம் மைதானத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

என் கண் பந்தில் இல்லை, வேலியில்தான். முதற்பாதியில் ஒன்றும் இல்லை. ஒரு பந்தை வெறும் கோலுக்கு முன்னால் நின்று வெளியே அடித்தேன். சிஞ்ஞோரா ஊன்றுகோலால் வேலியில் தட்டிக் கெட்ட வார்த்தை சொன்னது எனக்கே கேட்டது.

இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு ஒன்று விழுந்தது. இருபத்தைந்து. பிறகு மூலையிலிருந்து வந்த பந்தில் தலை வைத்தேன், எண்ணெய்த் தலையில் வழுக்கி உள்ளே போனது. இருபத்தாறு. சுவரைத் தொட்டாயிற்று. டீச்சரைப் பார்த்தேன். அவர் கழுத்துத்துணியைக் கழற்றிக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு நேரம் போனது, பந்து வரவில்லை. எதிரணியில் என்னை விட இரண்டு மடங்கு உள்ள ஒருத்தி என்னோடு ஒட்டிக்கொண்டே திரிந்தாள். கடைசியில் பந்து என் காலுக்கு வந்த நேரம், அவள் பந்தை விட்டுவிட்டு என் கணுக்காலை அடித்தாள். விழுந்தேன். சீமெந்து. முழங்கால் எரிகிறது, சப்பாத்துக் கழன்று, சுருட்டிய பேப்பர் வெளியே வந்து கிடக்கிறது. நடுவர் விசில் அடிக்கவில்லை. பந்து இன்னும் பக்கத்தில்தான் உருண்டுகொண்டிருந்தது. எனக்கு எழும்ப மனமில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் கேட்டது.

"எழும்பு! எழும்பு பிள்ளை! பந்து உன்னோடைதான் கிடக்கு! அடி பிள்ளை, அடி!"

என் அம்மா. பஸ்ஸில் குரலைத் தாழ்த்திக் கதைக்கிற என் அம்மா, கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழு மைதானத்துக்கும் கேட்கத் தமிழில் கத்தினார். அங்கே அது விளங்கியது எனக்கு ஒருத்திக்குத்தான். நான் எழும்பினேன். ஒரு காலில் சப்பாத்து, மறு கால் வெறுங்கால். மலையில் கல்லில் பழகிய கால், எண்ணெய் குடித்த கால். அந்த வெறுங்காலால் அடித்தேன்.

வலை இழுபட்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எல்லாரும் என் மேல் விழுந்துவிட்டார்கள். ஆள் குவியலுக்கு அடியில், பெருவிரல் உயிர் போகிற மாதிரி நோக, நான் சிரித்துக்கொண்டு கிடந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குப் பிறகு என் பிள்ளைகள் பிறந்தபோதுதான் வந்தது. அப்போதுகூட அவ்வளவு வந்ததா என்பது சந்தேகம்தான், அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். சப்பாத்தில் ஒன்று அன்றைக்குக் கூட்டத்தில் தொலைந்து போனது. இப்போதும் எங்காவது ஒற்றைச் சப்பாத்தைக் கண்டால் ஓரத்தில் மஞ்சள் கோடு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

"இருபத்தேழு" என்றார் டீச்சர். அப்போதுதான் அந்த ஒரே ஒரு சிரிப்பு.

அடுத்த நாள் அவரே ஏணி வைத்து, தன் பெயரின் மேல் வெள்ளை பூசினார். பிறகு நீலத்தைத் தொட்டு என் பெயரை எழுதத் தொடங்கினார். நம் பெயர்கள் அப்பன் பெயரோடு எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும்தானே? எழுதி எழுதிப் பார்த்தார், சுவர் முடிந்துவிட்டது. பெயர் முடியவில்லை. கடைசி ஏழு எழுத்தை மூலை திருப்பி அடுத்த சுவரில் எழுதினார்.

"உங்களுக்குக் கவலை இல்லையா?" என்று கேட்டேன்.

"இத்தனை வருடம் என்னை விட நன்றாக ஆடும் ஒருத்தியை நான் உருவாக்கவில்லை என்று இந்தச் சுவர் தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எவ்வளவு அலுப்பு என்று உனக்குத் தெரியாது" என்றார். நான் வாங்கில் இருந்து அவரை எப்படியெல்லாம் மனதுக்குள் வைதிருப்பேன்!

ஞாயிறு வந்தது. மலை ஏறினோம். குகைக்குள் அம்மா கைப்பையைத் திறந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தார். அவிழ்த்தார். காசைக் காணிக்கைப் பெட்டிக்குள் போட்டார்.

"நிறைவேறிட்டுதோ அம்மா? நான் கணக்கிலை இன்னும் பெயில்தானே?"

"உன்ரை கணக்குக்கு ஆர் கேட்டது?" என்றார் அம்மா. வெறும் மஞ்சள் துணியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "நீ உந்தப் பந்தை விடவேணுமெண்டுதான் கேட்டனான். உன்ரை கால் வீட்டிலை நிக்கவேணுமெண்டு. இப்ப வேண்டாமெண்டு சொல்லித் திருப்பி எடுத்துப்போட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குகைக்குள் சிரிக்கக் கூடாது, அடக்க அடக்க வந்தது. அத்தனை ஞாயிறும் ஒரே தெய்வத்துக்கு முன்னால், தோளோடு தோள் நின்று, அம்மா என் ஆட்டம் நிற்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார், நான் கோல் கேட்டிருக்கிறேன். பந்தை விடவைக்க அம்மா ஏற்றிய மலைதான் எனக்குக் காலைத் தந்தது. திட்டித் திட்டித் தேய்த்த எண்ணெய்தான் அதைக் காத்தது. நான் கேட்டது என்னவென்று சொன்னதும் அம்மாவுக்கும் சிரிப்பு. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தோம்.

இறங்கும்போது அம்மா கேட்டார். "உந்தச் சுவரிலை இருக்கிற உன்ரை பேரை இனி ஆரும் அழிப்பினமோ?"

"இருபத்தெட்டு அடிச்சால் அழிப்பினம்."

அம்மா நின்றார். யோசித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் புது மஞ்சள் துணி கிழித்து, இன்னொரு காசு முடிந்தார். இந்தத் தடவை நேர்த்தி என்னவென்று எனக்குச் சொல்லாமலே விளங்கியது. என் இருபத்தேழை யாரும் முந்தக் கூடாது.

அந்த முடிச்சு அதற்குப் பிறகு சாமித்தட்டை விட்டு இறங்கவே இல்லை. வீடு மாறினோம், அதுவும் மாறியது. அப்பா போய்ச் சேர்ந்தார், அது இருந்தது. யூரோ வந்ததும் உள்ளே கிடந்த பழைய இத்தாலிய லீராக் காசு செல்லாக்காசாகவே போய்விட்டது, அம்மா அசையவில்லை. எழுபது தாண்டிய பிறகு வெறுங்காலை விட்டுச் செருப்பு, கல்லுப் பாதையை விட்டு பஸ். ஆனால் ஞாயிறு தவறவில்லை. என் பெயரும் சுவரில் தவறவில்லை.

இந்த வருடம் சீசாவில் ரொட்டிக் கடையில் பாண் சுடும் ஒருவரின் மகள் இருபத்தாறு அடித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அம்மாவைச் சீண்டுவதற்காகச் சொன்னேன்.

"அம்மா, ஒரு பெட்டை கிட்ட வந்திட்டாள். நேர்த்தியைக் கொஞ்சம் இறுக்குங்கோ."

"எப்ப கடைசி ஆட்டம்?" என்றார் அம்மா. "என்னைக் கூட்டிக்கொண்டு போ."

போனோம். சீமெந்து போய்ப் பச்சைப் பிளாஸ்டிக் புல் வந்திருந்தது. கம்பி வேலி அதேதான். மடக்குக் கதிரையில் இப்போது அம்மா. அந்தப் பிள்ளை மெலிந்தவள், வெட்டுக்கிளி மாதிரி பாய்ந்தாள். தொடக்கத்திலேயே ஒன்று. இருபத்தேழு. என் கணக்கைத் தொட்டுவிட்டாள். பிறகு இரண்டு தடவை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டாம் தடவை அவள் தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டாள்.

அம்மா கைப்பையைத் திறந்தார். உள்ளே மஞ்சள் முடிச்சு. நான் பார்த்துக்கொண்டிருக்க, அதை அவிழ்க்கத் தொடங்கினார். இத்தனை வருடத்தில் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தார்.

"என்னம்மா செய்யிறியள்?"

"அந்தப் பிள்ளையின்ரை காலை நான் எல்லோ கட்டி வைச்சிருக்கிறன்" என்றார். "உன்ரை காலைக் கட்டப் பார்த்தது போதாதே?"

முடிச்சு அவிழ்ந்து செல்லாக்காசு மடியில் விழுந்தது. அந்தப் பிள்ளைக்குப் பந்து போனது. அம்மா கதிரையை விட்டு எழும்பி, இரண்டு கையாலும் வேலியைப் பிடித்தார்.

"அடி பிள்ளை! அடி!"

அவள் அடித்தாள். என் பெயர் சுவரிலிருந்து போனது. அதற்கு முதலில் கை தட்டியது நான்தான் என்று எழுத எனக்கு ஆசை. இல்லை, அம்மாதான். நான் இரண்டாவது, ஆனால் சத்தத்தில் நான்தான் முதல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். நாலே எழுத்து. அம்மா விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு.

"எண்டாலும் இவளின்ரை பேர் உன்ரை பேர் மாதிரி மூலை திரும்பாது" என்றார்.